'வீட்டில்தான் இருந்தேன்': வேலைக்குத் திரும்பும் பெண்களும் நம் சொற்களும்



குடும்பத்தைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையிலிருந்து விலகிய பெண்கள் மீண்டும் வேலைக்குத் திரும்பும்போது எதிர்கொள்ளும் இடர்களைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். பொருளியல் அறிஞரோ சமூகவியல் அறிஞரோ பேசத்தக்க பொருள் இது. வினைச்சொற்களையும் வேற்றுமை உருபுகளையும் ஆராய்ந்தே காலத்தைக் கழித்த ஒருவருக்கு இதில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நேர்காணல் அறையில் அந்தப் பெண்ணிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "இத்தனை ஆண்டுகள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" அதற்கு அவர் ஒரு வாக்கியத்தில் விடை சொல்லியாக வேண்டும். அந்த வாக்கியத்தை அமைத்துக்கொள்ள நம் மொழி அவருக்கு எவற்றைத் தந்திருக்கிறது, எவற்றைத் தரத் தவறியது என்பதையே இன்று பேச விரும்புகிறேன்.

பெரியவர்களுக்கான மாலை வகுப்புகளில் பல ஆண்டுகள் இலக்கணம் கற்பித்திருக்கிறேன். முதல் நாளில் ஒவ்வொருவரும் எழுந்து தம்மை அறிமுகம் செய்துகொள்வர். ஆண்கள் தம் தொழிலைச் சொல்வார்கள். ஓய்வு பெற்றவர்கள் முன்பு பார்த்த தொழிலைச் சொல்வார்கள். ஓய்வு பெற்றுப் பத்தாண்டு ஆகியிருந்தாலும் அப்படித்தான். வேலைக்குப் போகாத பெண்களிடமிருந்து பெரும்பாலும் நான் கேட்டது, "நான் சும்மா வீட்டில்தான் இருக்கிறேன்" என்பது. அவ்வாறு சொன்னவர்களுள் ஒருவர் வகுப்பின் நடுவே இருமுறை வெளியே சென்று கைப்பேசியில் பேசிவிட்டு வருவார். மாமியாருக்கு இரவு மருந்து கொடுத்தாயிற்றா, சர்க்கரை அளவு எவ்வளவு காட்டியது என்று கேட்டுவிட்டு வந்து அமர்வார்.

அந்தச் சிறு வாக்கியத்தைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். 'சும்மா' என்பது பயனின்மையையும் குறிக்கும், விலையின்மையையும் குறிக்கும். சும்மா கொடுத்தான் என்றால் காசு வாங்காமல் கொடுத்தான் என்று பொருள். 'வீட்டில்தான்' என்பதில் வரும் 'தான்' இங்கே வேறு எதற்கும் இடமில்லை என்று வாசலை அடைக்கிறது. 'இருக்கிறேன்' என்பதோ செயலைக் குறியாமல் நிலையை மட்டும் குறிக்கும் வினை. நாற்காலியும் வீட்டில் இருக்கிறது. தாயுமானவரைப் படித்தவர்கள் சும்மா இருத்தல் ஞானத்தின் உச்சநிலை என்று எனக்கு நினைவூட்டக்கூடும். உண்மைதான். ஆனால் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அந்தப் பொருளில் யாரும் அதைப் புரிந்துகொள்வதில்லை.

அடுத்து 'வேலை' என்ற சொல். 'வேலை செய்கிறாள்' என்றால் ஏதோ ஒரு செயலில் ஈடுபட்டிருக்கிறாள் என்று பொருள். பாத்திரம் துலக்கினாலும் அது வேலை செய்வதுதான். 'வேலைக்குப் போகிறாள்' என்றால் ஊதியம் பெறும் தொழிலில் இருக்கிறாள் என்று பொருள். நான்காம் வேற்றுமை உருபும் போதல் என்ற வினையும் சேர்ந்து, ஊதியம் தரும் வேலை வீட்டு வாசலுக்கு வெளியே இருப்பது என்ற எண்ணத்தை நம் வாக்கியத்திற்குள் பதித்துவிட்டன. ஆகவே காலை ஐந்து மணி முதல் இரவு பதினொரு மணி வரை வேலை செய்யும் ஒருத்தியைப் பற்றி, 'அவள் வேலைக்குப் போகவில்லை' என்று சிறிதும் முரண்பாடு தோன்றாமல் நம்மால் சொல்ல முடிகிறது.

இது இடத்தைப் பற்றிய வேறுபாடு மட்டுமே என்று நெடுங்காலம் விளக்கம் சொல்லப்பட்டது. 2020ஆம் ஆண்டு அந்த விளக்கத்தைச் சோதித்துக் காட்டியது. சிங்கப்பூரில் அவ்வாண்டு ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நடப்பிலிருந்த முறியடிப்புத் திட்டக் காலத்தில் பல்லாயிரவர் வீட்டைவிட்டு வெளியே செல்லாமல் அலுவலக வேலையைச் செய்தனர். அவர்களை யாரும் 'வேலைக்குப் போகாதவர்' என்று சொல்லவில்லை. 'வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்' என்ற தொடர் சில வாரங்களுக்குள் எல்லார் வாயிலும் வழங்கலாயிற்று. சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் கணினியோடு அமர்ந்தவர் வேலை பார்த்தார். மறுமுனையில் பிள்ளையின் இணையவழிப் பாடத்திற்குத் துணையாக அமர்ந்தவர் வீட்டில் இருந்தார். இருவரும் இருந்தது ஒரே வீடு. ஆகவே சொல்லை வகுத்தது இடமன்று, ஊதியமே.

இதே உண்மையை நம் அடுக்குமாடி வீடுகளில் இன்னொரு வகையிலும் காணலாம். வெளிநாட்டுப் பணிப்பெண்களை அமர்த்தும் திட்டம் சிங்கப்பூரில் 1978இல் தொடங்கியது. படுக்கையிலிருக்கும் முதியவரைப் புரட்டிப் படுக்க வைத்தல், கஞ்சி ஊட்டுதல், மருந்துக்கு நேரம் பார்த்தல் ஆகியவற்றைப் பணிப்பெண் செய்தால் அது வேலை. அதற்கு ஒப்பந்தம் உண்டு, சம்பளம் உண்டு, வாரத்திற்கொரு நாள் ஓய்வு உண்டு. அவற்றையே மகளோ மருமகளோ செய்தால் 'பார்த்துக்கொள்கிறாள்'. அந்தப் பணிப்பெண்ணும் தன் ஊரில் தன் பிள்ளைகளைப் 'பார்த்துக்கொள்ள' ஒரு பாட்டியையோ தங்கையையோ விட்டுவிட்டு வந்திருப்பாள் என்பதையும் இங்கே சொல்லாமல் போவது நேர்மையாகாது. அது தனியே ஓர் உரைக்குரிய பொருள்.

புள்ளிவிவரத் துறையினர் இந்தச் சிக்கலை நமக்கு முன்பே உணர்ந்துகொண்டனர். 2013 அக்டோபரில் ஜெனீவாவில் கூடிய தொழிலாளர் புள்ளிவிவர அறிஞர்களின் 19ஆவது அனைத்துலக மாநாடு, 'வேலை' என்பதையும் 'ஊதிய வேலை' என்பதையும் வேறு வேறாக வரையறுத்தது. தன் குடும்பத்திற்காகச் சமைத்தலும் பிள்ளைகளையும் முதியோரையும் பேணுதலும் வேலை என்னும் வரையறைக்குள் அப்போதுதான் முறைப்படி இடம்பெற்றன. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2018இல் வெளியிட்ட அறிக்கை, ஊதியமில்லாப் பராமரிப்பு வேலைக்கு உலகில் நாள்தோறும் 1,640 கோடி மணி நேரம் செலவாவதாகவும், அதில் 76.2 விழுக்காட்டைப் பெண்களே செய்வதாகவும் கணக்கிட்டது. இங்கும் பழைய அறிக்கைகளில் 'பொருளியல் நடவடிக்கையற்றோர்' என்று பொருள்படும் பெயரால் குறிக்கப்பட்டவர்கள், இப்போது 'ஊழியரணிக்கு வெளியே இருப்போர்' எனக் குறிக்கப்படுகின்றனர். சிறிய மாற்றம்தான். எனினும் ஒருவரை நடவடிக்கையற்றவர் என்று சொல்வதற்கும் ஓர் அணிக்கு வெளியே நிற்பவர் என்று சொல்வதற்கும் உள்ள தொலைவு மொழியியலாளருக்குப் பெரிது. வெளியே நிற்பவர் உள்ளே வரலாம்.

தமிழுக்கு இந்தச் சிந்தனை புதிதன்று என்று சொன்னால் பழம்பெருமை பேசுவதாக நினைக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். புறநானூற்றின் 312ஆம் பாடலைப் பாடியவர் பொன்முடியார். பிள்ளையைப் பெற்று வளர்ப்பதைக் குறிக்க அவர் 'புறந்தருதல்' என்ற சொல்லை ஆள்கிறார். தாய்க்கும் தந்தைக்கும் வேல் வடிக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் போர்க்களம் புகும் இளைஞனுக்கும் உரியவற்றை வரிசையாகச் சொல்லி, எல்லாவற்றையும் 'கடன்' என்ற ஒரே சொல்லால் முடிக்கிறார். போரைப் போற்றும் அப்பாடலை இன்று அப்படியே ஏற்கவேண்டியதில்லை. பிள்ளையைப் போருக்கு அனுப்புவதற்காக வளர்ப்பதும் நமக்கு உவப்பானதன்று. நான் சுட்டுவது சொல்லாட்சி ஒன்றையே. கொல்லன் உலைக்களத்தில் செய்வதற்கும் தாய் வீட்டில் செய்வதற்கும் அங்கே ஒரே இலக்கணம் வாய்த்திருக்கிறது. தாய் வீட்டில் 'இருக்கவில்லை'; அவளுக்கு ஒரு செயல் இருந்தது, அச்செயலுக்கு ஒரு பெயரும் இருந்தது. 'ஓம்புதல்', 'பேணுதல்' என்பனவும் அவ்வாறே செயலைச் சுட்டும் வினைகள். அவற்றைச் செய்யுளுக்கென ஒதுக்கிவைத்துவிட்டு, அன்றாட வாழ்வுக்கு 'இருக்கிறேன்' என்பதை எடுத்துக்கொண்டோம்.

படிவங்களில் 'தொழில்' என்ற கட்டத்திற்கு எதிரே நாம் எழுதும் 'இல்லத்தரசி' என்ற சொல்லைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். மலாய் மொழியில் 'சூரி ரூமா' என்பர். 'சூரி' என்றாலும் அரசிதான். இருமொழியினரும் ஒரே வழியில் முடிசூட்டியிருக்கிறோம். எனக்கு அச்சொல்லின்மீது பகை இல்லை. 'வேலை இல்லாதவர்' என்பதைவிட மதிப்பானது. ஆயினும் அரசிக்கு விடுப்பு இல்லை, ஊதியம் இல்லை, பதவியிலிருந்து இறங்கினால் அடுத்த பதவிக்கு விண்ணப்பிக்கும் வழியும் இல்லை. செய்யும் செயல்களைக் கூறாமல் தகுதியை மட்டும் கூறும் பட்டம் அது. 'இல்லாள்' என்பதற்கு ஆண்பால் தேடினால் 'இல்லான்' என்று வரும். அதற்கு ஒன்றும் இல்லாதவன் என்று பொருள் என்பதை நீங்கள் அறிவீர்கள். வீட்டிலிருந்து பெற்றோரைப் பேணும் ஆண்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். படிவத்தில் அவர்கள் எழுதிக்கொள்ளத் தமிழில் ஒரு சொல்லும் நிலைபெறவில்லை.

மலேசியாவில் சட்டம் சொல்லைச் சற்று முந்திச் சென்றிருக்கிறது. இல்லத்தரசிகளுக்கான சேமிப்புத் திட்டமான ஐ-சூரி 2018இல் தொடங்கப்பட்டது. 2022ஆம் ஆண்டின் இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. ஆண்டுக்கு 120 ரிங்கிட் சந்தா. வீட்டை நிர்வகிக்கும்போது விபத்து நேர்ந்தால் அதற்குப் பாதுகாப்பு உண்டு. தொகை பெரிதன்று. ஆனால் சமையலறையில் வழுக்கி விழுவது வேலையில் நேர்ந்த விபத்துப் போன்றதே என்று ஒரு சட்டம் கருதத் தொடங்கியிருப்பது பெரிது.

இனி, திரும்பி வருதல். வேலையிலிருந்து விலகியதை இங்குள்ள பேச்சுத் தமிழில் 'வேலை நின்றுவிட்டேன்' என்கிறோம்; 'வேலையை விட்டுவிட்டேன்' என்றும் சொல்கிறோம். 'விடு' என்னும் துணைவினை செயல் முற்றாக முடிந்துபோனதைக் காட்டுவது. போய்விட்டது, உடைந்துவிட்டது, விட்டுவிட்டேன். தமிழில் 'வை' என்று இன்னொரு துணைவினையும் இருக்கிறது. பிற்பயன் கருதிச் செய்ததை அது காட்டும்: எழுதிவைத்தேன், சேர்த்துவைத்தேன், நிறுத்திவைத்தேன். தாயாரின் நோய்க்காக வேலையிலிருந்து விலகிய பெண்களுள் பலர் மனத்தில் உண்மையில் நிறுத்திவைத்தவர்கள், வாயால் விட்டுவிட்டவர்கள். கணவர், உடன்பிறந்தோர், முன்னாள் மேலாளர் ஆகியோர் அந்த வாக்கியத்தைக் கேட்டு முடிந்துபோன ஒன்றாகவே எடுத்துக்கொள்கின்றனர். ஐந்தாண்டுகளுக்குப் பிறகு அவர் திரும்பிப் போக விரும்பும்போது, 'இப்போது எதற்கு?' என்ற கேள்வி முதலில் வீட்டிலிருந்தே எழுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

'அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்' என்ற வாக்கியத்திலும் ஒரு பொறி இருக்கிறது. 'பார்' என்னும் வினையின் தொடர்நிலை வடிவமும், 'பார்த்துக்கொள்' என்னும் கூட்டுவினையின் தொடர்நிலை வடிவமும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. தாயின் முகத்தை நோக்கிக்கொண்டு அமர்ந்திருந்தாலும் அதே வாக்கியம். ஆறாண்டு பேணியிருந்தாலும் அதே வாக்கியம். இலக்கண வகுப்பில் இது சுவையான எடுத்துக்காட்டு. நேர்காணலில் அந்த ஆறாண்டு உழைப்பு ஒரு நொடியில் வேடிக்கை பார்த்ததாக மாறிவிடும்.

முன்னாள் மாணவி ஒருவர் தம் தன்விவரக் குறிப்பைத் திருத்தித் தருமாறு என்னிடம் கொண்டுவந்தார். கணக்கியல் துறையில் பதினோராண்டு அனுபவம் உடையவர். அதற்குப் பிறகு ஆறாண்டு வெற்றிடம். காகிதத்தில் அந்த ஆண்டுகளே இல்லை. இணையத்தில் கிடைக்கும் அறிவுரைப்படி 'குடும்ப நிர்வாக இயக்குநர்' என்று எழுதலாமா என்று கேட்டார். கூடாது என்றேன். பட்டம் பெரிதானால் படிப்பவர் நகைப்பார்; நகைப்புக்குப் பின் ஐயம் வரும். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, முதுமை மறதி நோயுற்ற தாயாரின் முழுநேரப் பராமரிப்பு என்று ஒரே வரியில் எழுதச் சொன்னேன். அதன்கீழ், விண்ணப்பிக்கும் வேலைக்குத் தொடர்புடையதை மட்டும் எழுதினோம். தாயாரின் மருத்துவச் செலவு, காப்புறுதிக் கோரிக்கை, பணிப்பெண்ணின் சம்பளம் ஆகியவற்றுக்கு ஆறாண்டும் கணினியில் கணக்கு வைத்திருந்தார். அது கணக்கியல்தானே? அவருக்கே அது தோன்றவில்லை. "அது வீட்டுக் கணக்குத்தானே" என்றார். இங்கும் அந்தத் 'தானே'!

'இடைவெளி' என்ற சொல்லையும் தவிர்க்கச் சொன்னேன். வேலை அனுபவத்தில் இடைவெளி என்று நாம் வழங்குவது ஆங்கிலத்தைத் தழுவிய தொடர். இரண்டு பொருள்களுக்கு இடையில் ஒன்றும் இல்லாத வெளி அது. பிழைத்திருக்கப் போராடிய ஓர் உயிரோடு கழிந்த காலத்தை ஒன்றுமில்லாத வெளி என்று பெற்ற மகளே எழுதித் தரவேண்டியதில்லை. 'பராமரிப்புக் காலம்' என்றால் போதும்.

சொல்லைத் திருத்தினால் எல்லாம் திருந்திவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. மொழியியலாளர்களுக்கு அப்படியொரு மயக்கம் உண்டு. அதிலிருந்து விலகி நிற்க முயல்கிறேன். சொல்லுக்கு அப்பால் நிற்கும் இடர்களுள் நான் கேட்டறிந்த சிலவற்றையும் குறிப்பிட வேண்டும்.

ஒன்று மொழிநடையைச் சார்ந்தது. பத்தாண்டு குழந்தையோடும் முதியவரோடும் பேசிய பெண்ணுக்கு வீட்டுப் பேச்சு செழித்திருக்கும். அலுவலக நடை துருப்பிடித்திருக்கும். கூட்டத்தில் இடைமறித்துப் பேசுதல், மின்னஞ்சலில் மறுப்பைப் பணிவாகத் தெரிவித்தல் ஆகியன பழக்கத்தால் வருபவை. பழக்கம் விட்டால் தடுமாறும். தன்னம்பிக்கைக் குறைவு என்று பயிற்சியாளர்கள் பெயரிடுவதில் பெரும்பங்கு இந்த நடைத் தடுமாற்றமே என்று கருதுகிறேன். குறை மனத்தில் இருப்பதாகச் சொன்னால் அந்தப் பெண் தம்மையே நொந்துகொள்வார். நடையில் இருப்பதாகச் சொன்னால் ஆறு வாரம் பழகித் திருத்திக்கொள்வார்.

இன்னொன்று நேரத்தைச் சார்ந்தது. நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகளுக்கான கோரிக்கைகள் குறித்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. ஊழியர் முறைப்படி விண்ணப்பித்தால் முதலாளி இரண்டு மாதத்திற்குள் விடை தரவேண்டும். மலேசியாவிலும் 2023 ஜனவரி 1 முதல் 60 நாளுக்குள் விடை தரவேண்டும் என்ற விதி உண்டு. நல்ல ஏற்பாடுகள். ஆனால் சிங்கப்பூர் நெறிமுறைகள் தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியருக்கே பொருந்தும். பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் நேரம்தான் ஒரு பெண்ணின் தடை என்றால், அத்தடை முதல் நாளிலேயே இருக்கிறது. தகுதிகாண் காலம் முடியும்வரை பள்ளி மணி காத்திருக்காது. திரும்பி வருவோருக்கு வேலைக்கு அமர்த்தும்போதே இதைப் பேசித் தீர்க்கும் நிறுவனங்களைத் தனியாகப் பாராட்ட வேண்டும்.

2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம், பாகுபாடு காட்டக்கூடாத தன்மைகளுள் ஒன்றாகப் பராமரிப்புப் பொறுப்பையும் சேர்த்திருக்கிறது. மொழியாற்றலும் அப்பட்டியலில் உண்டு என்பது எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி. வேலையை விட்டு விலகியிருந்த காலம் அங்கே தனித் தன்மையாக இடம்பெறவில்லை. 'உங்களுக்கு அண்மைய அனுபவம் இல்லை' என்று சொல்லும் முதலாளி, பராமரிப்பைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் அதே கதவை மூடலாம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊதியம் இல்லாத மாதத்தில் மத்திய சேமநிதிச் சந்தாவும் இல்லை. அதன்மீது ஏறவேண்டிய வட்டியும் இல்லை. நாற்பது வயதில் விடுபட்ட தொகையின் குறை அறுபத்தைந்து வயதில்தான் முழுமையாகத் தெரியும். 2019இல் மாதம் 200 வெள்ளியாகத் தொடங்கிய வீட்டுப் பராமரிப்பு மானியம் 2023இல் 400 வெள்ளி வரை உயர்ந்தது. சேமநிதி குறைவாக உள்ள மூத்தோரின் கணக்கில் நிரப்பப்படும் தொகைக்கு ஈடாக அரசாங்கம் 2025 முதல் ஆண்டுக்கு 2,000 வெள்ளி வரை தருகிறது. ஆனால் முதலில் யாராவது நிரப்ப வேண்டும். நான்கு பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் ஒருத்தி வேலையை நிறுத்திவைத்துப் பெற்றோரைப் பேணுகிறாள் என்றால், மற்ற மூவரும் மாதந்தோறும் அவளுடைய சேமநிதிக் கணக்கில் ஒரு தொகையைச் சேர்க்கலாம். சேர்ப்பவர்களை நான் அறிவேன், விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். "உனக்கு ஏதாவது வேண்டுமென்றால் கேள்" என்று சொல்பவர்கள் நிறைய. கேட்டு வாங்கும் நிலையில் வைத்திருப்பதற்குச் சம்பளம் என்று பெயரில்லை.

இம்மன்றத்திடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. பொதுச் சேவைக் குறிப்பேடுகளும் படிவங்களும் தமிழில் பெயர்க்கப்படும்போது இங்குள்ள சிலரிடமே அவை சரிபார்ப்புக்கு வருகின்றன. 'தொழில்' என்ற கட்டத்தின்கீழ் 'வேலை இல்லை', 'இல்லத்தரசி' என்னும் இரண்டோடு, 'குடும்பப் பராமரிப்பாளர்' என்பதையும் சேர்க்குமாறு பரிந்துரையுங்கள். ஆண்பாலும் பெண்பாலும் அதற்குள் அடங்கும். எந்த ஆண்டு முதல் என்று குறிக்க அதன் அருகே ஒரு கோடும் வேண்டும். அந்த ஆண்டு எழுதப்பட்டிருந்தால், பின்னாளில் தன்விவரக் குறிப்பு எழுத உட்காரும்போது அவருக்குத் தொடக்கம் கிடைத்துவிடும். இதைவிடப் பொருத்தமான சொல் உங்களிடம் இருக்கலாம். கேள்வி நேரத்தில் சொல்லுங்கள். குறித்துக்கொள்ள ஏடு கொண்டுவந்திருக்கிறேன்.